வெளிநாட்டு நகரத்தில் மெட்ரோ பாஸ்: சேலத்தில் கிளம்பும் முன்பே போட வேண்டிய கணக்கு

சேலத்திலிருந்து லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். போய் இறங்கிய பிறகு ஊருக்குள் சுற்றும் செலவை மட்டும் "அங்கே போய் ஒரு டூரிஸ்ட் பாஸ் எடுத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாஸைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. போகப்போகும் பயணங்களை எண்ணுவதுதான் முதல் வேலை.

ஒரு தாளை எடுத்து நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். தங்குமிடத்திலிருந்து எங்கே, அங்கிருந்து எங்கே, திரும்புவது எப்படி என்று குறித்து, வரியின் கடைசியில் எத்தனை முறை வண்டி ஏறுகிறீர்கள் என்ற எண்ணைப் போடுங்கள். மனதில் ஆறேழு இடம் ஓடும். பெரியவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் நாளுக்கு மூன்று நான்கு ஏற்றங்களுக்கு மேல் நடக்காது. ஒரு அருங்காட்சியகமே அரை நாளை எடுத்துக்கொள்ளும். விமான நிலையம் போய்வரும் இரண்டு பயணங்களைத் தனி வரியில் எழுதுங்கள். பல ஊர்களில் அதற்குக் கட்டணமே வேறு.

இரண்டாவது, தங்குமிடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். லண்டனில் நடுவில் இருப்பது 1ஆம் மண்டலம். வெளியே போகப் போக எண் கூடும். 2025 கட்டணப்படி அங்கே ஒரு நாளைக்குப் பிடிக்கும் அதிகபட்சத் தொகை 1–2 மண்டலங்களுக்குள் 8.90 பவுண்டு, 1–4 என்றால் 12.80 பவுண்டு. வாடகை குறைவு என்று 4ஆம் மண்டலத்தில் அறை எடுத்தால், உச்சவரம்பைத் தொடும் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு 3.90 பவுண்டு கூடும். மூன்று பெரியவர்கள், ஆறு நாள் என்றால் 70 பவுண்டு. நம் பணத்தில் ஏழாயிரத்துக்கு மேல். அறை வாடகையோடு இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள்.

பெர்லினிலும் இதே சங்கதிதான். நகரம் முழுக்க ஏ, பி மண்டலங்களில் அடங்கிவிடும். விமான நிலையம் மட்டும் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏபி டிக்கெட்டோடு விமான நிலைய வண்டியில் உட்கார்ந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் மட்டும் ஏபிசி போதும். நடுவில் உள்ள நாட்களுக்கு அது தேவையில்லை.

உச்சவரம்பு உள்ள ஊரில் பாஸ் எதற்கு?

லண்டனில் வங்கி கார்டையோ, பணம் ஏற்றிக்கொள்ளும் அந்த ஊர்ப் பயணக் கார்டான ஆய்ஸ்டரையோ கேட்டில் தொட்டுப் போனால், எத்தனை முறை ஏறினாலும் அன்றைய உச்சவரம்பைத் தாண்டிப் பிடிக்காது. 2025 கட்டணப்படி நடு மண்டலத்தில் ஒரு மெட்ரோ பயணம் 2.80 அல்லது 2.90 பவுண்டு என்பதால், நான்காவது பயணத்தில் உச்சவரம்பைத் தொட்டுவிடுவீர்கள். குறைவாகச் சுற்றினால் குறைவாகவே பிடிக்கும். ஆகவே டிராவல்கார்டு என்ற ஒரு நாள் பாஸை முன்கூட்டி வாங்க வேண்டாம். அதன் விலை இந்த உச்சவரம்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பஸ்ஸில் மட்டும் போனால் இன்னும் மலிவு: 2025இல் ஒரு முறைக்கு 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறுபடி பிடிக்காது. அந்த பஸ்களில் 2014க்குப் பிறகு ரொக்கம் வாங்குவதில்லை.

வார உச்சவரம்பில்தான் கவனம் வேண்டும். அது திங்கள் முதல் ஞாயிறு வரை என்று கணக்காகிறது. வியாழன் இறங்கி அடுத்த புதன் கிளம்புகிறவருக்கு அந்த ஏழு நாள் இரண்டு வாரங்களாக உடைந்துவிடும். வார உச்சவரம்பு எட்டவே எட்டாது. தினமும் 8.90 வீதம் 62.30 பவுண்டு போகும். ஆய்ஸ்டர் கார்டில் ஏற்றிக்கொள்ளும் 7 நாள் டிராவல்கார்டு எந்தக் கிழமையிலும் தொடங்கும். 1–2 மண்டலத்துக்கு 2025இல் 44.70 பவுண்டு. 17.60 பவுண்டு மிச்சம். கார்டுக்கென்று வாங்கும் திருப்பித் தராத தொகையைக் கழித்தாலும் கையில் ஏதோ நிற்கும். ஆனால் 44.70 என்பது ஐந்து நாள் உச்சவரம்புக்குச் சமம். ஆறு நாளாவது நன்றாகச் சுற்றினால்தான் இது லாபம். இரண்டு நாள் ஓய்வெடுக்கும் குடும்பத்துக்கு வேண்டாம். ஹீத்ரோ விமான நிலையம் 6ஆம் மண்டலத்தில் இருப்பதால் அந்தப் பயணத்துக்கு ஆய்ஸ்டரில் தனியாகக் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும்.

கிழமையும் மணியும்

பாரிசில் கிழமைதான் எல்லாம். அங்கே வாரப் பாஸ் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரை வாங்கலாம். வெள்ளி முதல் அடுத்த வாரத்துக்கு மட்டுமே தருவார்கள். 2025இல் அதன் விலை 31.60 யூரோ, அதை ஏற்றும் நவிகோ டெகுவெர்த் கார்டு 5 யூரோ, மொத்தம் 36.60. அதே ஆண்டில் விமான நிலைய டிக்கெட் மட்டும் ஒரு வழிக்கு 13 யூரோ. இந்தப் பாஸில் விமான நிலைய ரயிலும் அடக்கம். திங்கள் இறங்கி ஞாயிறு கிளம்பினால், விமான நிலையத்துக்கு 26 யூரோ, ஊருக்குள் 2.50 வீதம் ஐந்து பயணங்களுக்கு 12.50, ஆக 38.50. அப்போதே பாஸ் விலையைத் தாண்டியாகிவிட்டது. மீதி வாரம் முழுக்க இலவசம் மாதிரிதான். அதே குடும்பம் வெள்ளி இறங்கித் திங்கள் கிளம்பினால் வாரப் பாஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2 யூரோ நவிகோ ஈஸி கார்டில் தனி டிக்கெட் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஐந்து முறையாவது ஏறினால் ஒரு நாள் பாஸ் எடுங்கள், 2025இல் அது 12 யூரோ. அந்த ஒரு நாள் பாஸ் விமான நிலையத்துக்குச் செல்லாது.

டெகுவெர்த் கார்டில் புகைப்படம் ஒட்டிப் பெயர் எழுதியாக வேண்டும். அளவு 25×30 மில்லிமீட்டர். நம் பாஸ்போர்ட் படம் 35×45. அதை வெட்டினால் தலையோ தாடையோ போய்விடும். சேலத்து ஸ்டுடியோவில் விசா படம் எடுக்கும்போதே இந்த அளவிலும் ஆளுக்கு இரண்டு பிரிண்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். படம் ஒட்டாத கார்டோடு பரிசோதகரிடம் மாட்டினால் பாஸ் இருந்தும் அபராதம் கட்ட வேண்டிவரும்.

"ஒரு நாள்" என்ற சொல்லுக்கும் ஊருக்கு ஊர் பொருள் மாறும். சிங்கப்பூர் சுற்றுலாப் பாஸ் அன்றைய கடைசி வண்டியோடு முடிகிறது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் ஒரு நாள் போனதாகத்தான் கணக்கு. டோக்கியோ சப்வே டிக்கெட் 24, 48, 72 மணி நேரம் என்று முதல் முறை பயன்படுத்தியதிலிருந்து ஓடும். 72 மணி டிக்கெட்டைச் செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் வெள்ளி பிற்பகல் மூன்று வரை செல்லும். நாள் கணக்குப் பாஸைக் காலையில் தொடங்குங்கள். மணிக் கணக்குப் பாஸை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இரவு பத்து மணிக்கு இறங்குகிற அன்று எந்தப் பாஸையும் தொடங்காதீர்கள்.

எந்த வண்டிக்குச் செல்லும்?

சேலத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. அதே அம்மா நாமக்கல் மப்சல் பஸ் ஏறினால் காசு கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டுப் பாஸும் அப்படித்தான்: நகரம் ஒன்றாக இருந்தாலும் வண்டி நடத்துவது யார் என்று பார்க்க வேண்டும்.

டோக்கியோ சப்வே டிக்கெட் டோக்கியோ மெட்ரோவிலும் தோயெய் சப்வேயிலும் செல்லும். ஊரைச் சுற்றி ஓடும் யமனோத்தே பாதை ஜேஆர் என்ற வேறு ரயில் நிறுவனத்துடையது, அதில் செல்லாது. அறை யமனோத்தே நிலையத்தருகே இருந்து, பக்கத்தில் சப்வே இல்லையென்றால் அந்த டிக்கெட்டால் பயனில்லை. சுய்கா கார்டில் பணம் ஏற்றிப் போவதே மேல். நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் பாஸை டோக்கியோவுக்குள் சுற்றுவதற்கென்று வாங்கவே வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட யோசனைகள் எதுவும் இப்போது பொருந்தாது.

கோலாலம்பூர் போகும் நம்மவர்கள் பத்துமலை போகாமல் திரும்புவதில்லை. பத்துமலைக்குப் போவது கேடிஎம் கொமியூட்டர் ரயில். நகரத்து எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோ ரயிலுக்கான ரேபிட் கேஎல் பாஸ் அதில் செல்லாது. மை50 மாதப் பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். டச் அண்ட் கோ கார்டு இரண்டு வகை ரயிலிலும் வேலை செய்யும் என்பதால், வந்து போகிறவர்களுக்கு அதுவே நிம்மதி.

துபாயில் வேறு விதமான எச்சரிக்கை. அந்த ஊர்ப் பயணக் கார்டான நோல் சில்வரில் ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், பக்கத்து மண்டலத்துக்கு 5, அதைத் தாண்டினால் 7.50. ஒரு நாள் பாஸ் 20. தொலைதூரப் பயணம் மூன்று இருந்தால் பாஸ் லாபம்; தேரா என்ற ஒரே பகுதிக்குள் சுற்றுவதென்றால் ஏழு முறை ஏறினால்தான் ஈடாகும். பெண்கள் பெட்டியும், கட்டணம் அதிகமான கோல்டு பெட்டியும் தனித்தனி. நடைமேடையில் தரையிலேயே குறியிட்டிருப்பார்கள். சில்வர் கார்டோடு கோல்டு பெட்டியில் ஏறினாலும், பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினாலும் 100 திர்ஹாம் அபராதம். வண்டிக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு.

சிங்கப்பூரில் தூரத்தை வைத்துக் கட்டணம். பெரும்பாலான பயணங்கள் ஒன்றேகாலிலிருந்து இரண்டரை சிங்கப்பூர் டாலருக்குள் அடங்கும். சுற்றுலாப் பாஸில் ஒரு நாளுக்கு விழும் விலையை இரண்டால் வகுங்கள். வரும் எண்ணிக்கைக்கு மேல் தினமும் ஏறுவீர்களா என்று உங்கள் தாளைப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஈஸி லிங்க் கார்டே போதும்.

கார்டைத் தொடும்போது

வங்கி கார்டை நம்பிப் போகிறவர்கள் கிளம்பும் முன் வங்கிச் செயலியைத் திறந்து இரண்டு பொத்தான்களைப் பார்க்க வேண்டும்: வெளிநாட்டுப் பயன்பாடு ஒன்று, பின் எண் போடாமல் கார்டைக் காட்டிச் செலுத்தும் கான்டாக்ட்லெஸ் வசதி இன்னொன்று. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் இவை அணைந்தே வரும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போனால் கேட் திறக்காது. ரூபே மட்டும் உள்ள கார்டையும் யுபிஐயையும் கேட்டில் நம்ப வேண்டாம்; விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணமாக உங்கள் வங்கி எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு வங்கி கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

ஒரு கார்டு ஒருவருக்கு. லண்டனில் அப்பா தன் கார்டைத் தொட்டு உள்ளே போய், அதையே பின்னால் அம்மாவிடம் நீட்ட முடியாது. பர்ஸோடு சேர்த்துத் தொடவும் கூடாது. உள்ளே இரண்டு கார்டு இருந்தால் ஏறும்போது ஒன்றிலும் இறங்கும்போது இன்னொன்றிலும் பிடித்து, இரண்டுமே முடியாத பயணமாகப் பதிவாகி அதிகபட்சக் கட்டணம் போகும். எந்தக் கார்டில் தொடங்கினீர்களோ அதையே கடைசி நாள் வரை பயன்படுத்துங்கள். மாற்றினால் உச்சவரம்புக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இறங்கும்போது தொட வேண்டுமா என்பது அடுத்த குழப்பம். லண்டன் மெட்ரோவில் இரு முனையிலும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். சிங்கப்பூர், துபாய் பஸ்களில் இறங்கும்போதும் தொட வேண்டும். சிங்கப்பூரில் மறந்தால் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கட்டணம். நம் டவுன் பஸ் பழக்கத்தில் இதை மறப்பது மிக எளிது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் இறங்கி மெட்ரோவில் சென்னை விமான நிலையம் போகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ஆளுக்கொரு கார்டு கொடுத்து அங்கேயே தொட்டு ஏறி, தொட்டு இறங்கப் பழக்கிவிடலாம்.

குழந்தைகளும் முதியவர்களும்

லண்டன் மெட்ரோவில் ஒரு பெரியவரோடு 11 வயதுக்குக் கீழ் நான்கு குழந்தைகள் வரை இலவசம். அகலக் கேட்டில் ஊழியர் விடுவார். 11 முதல் 15 வரை உள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் கார்டில் 14 நாளுக்குப் பாதிக் கட்டணச் சலுகையை நிலைய ஊழியரே போட்டுத் தருவார். கேட்டால்தான் கிடைக்கும், பிள்ளையின் கட்டணத்தில் நேர் பாதி மிச்சம். பாரிசில் 4 வயதுக்குக் கீழ் இலவசம், 4 முதல் 9 வரை பல டிக்கெட்டுகளில் பாதி. சிங்கப்பூரிலும் துபாயிலும் உயரம் 90 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் காசில்லை. வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துகொண்டு போங்கள். முதியவர் சலுகை லண்டனில் அங்கே வசிப்பவர்களுக்கு, சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. தாத்தா பாட்டிக்கு முழுக் கட்டணமாகவே கணக்குப் போடுங்கள்.

நுழைவுச் சீட்டும் பயணமும் சேர்ந்த "சிட்டி கார்டு" தொகுப்பை டிராவல்ஸ்காரர் காட்டினால், பயணப் பகுதிக்கு எவ்வளவு கூடுகிறது என்று தனியாகக் கேளுங்கள். அந்தத் தொகையை உங்கள் தாளில் உள்ள பயணக் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் பதில் உடனே தெரிந்துவிடும்.

திரும்பும்போது கார்டில் மீதி இருந்தால்: ஆய்ஸ்டரில் உள்ள பணம் காலாவதியாகாது. நவிகோ ஈஸியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், டெகுவெர்த்தைக் கொடுக்கக் கூடாது. டோக்கியோவில் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்கா கார்டு 28 நாளில் முடிந்துவிடும், மீதிப் பணம் திரும்ப வராது. ஆகையால் கடைசி இரண்டு நாள் சிறு தொகையாக மட்டும் ஏற்றி, மிச்சத்தை நிலையத்துக் கடையிலேயே அந்தக் கார்டால் செலவழித்துவிடுங்கள்.