கொலுசு நூலான கதை: போன் திரைக்குப் படம் போடுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். முகப்பில் ஒரு ஜோடிக் கொலுசு, குறுக்கே நீட்டி வைத்து எடுத்த படம். என் லேப்டாப்பில் மணி மணியாகத் தெரிந்தது. அண்ணன் போனில் திறந்தார். படம் வரவே நேரம் ஆனது. வந்ததும், "என்ன தம்பி, வெள்ளை நூல் மாதிரி இருக்கு" என்றார். இரண்டுமே என் தப்பு.

முதலில் பக்கத்தின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தை எந்த அகலத்துக்கு வரைவது என்று போனுக்குச் சொல்லும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் விட்த் என்பதற்கு டிவைஸ்-விட்த் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் தன்னை சுமார் 980 பிக்சல் அகலத் திரையாக எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டும்.

அடுத்து, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ. இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். படம் திரைக்குள் அடங்கும், ஆனால் எடை குறையாது. 4000 பிக்சல் படம் அப்படியே முழுசாக இறங்கும். ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏறிக்கொண்டே பார்ப்பவருக்கு சிக்னல் போய்விட்டால் வெறும் கட்டம்தான்.

இதற்குத்தான் சோர்ஸ்செட், அதாவது இமேஜ் டேகில் ஒரே படத்தின் பல அளவுகளைப் பட்டியலிடும் இடம். ஒரே படத்தை 400, 600, 800, 1200, 1600 பிக்சல் அகலங்களில் வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் சேமியுங்கள். சோர்ஸ்செட்டில் ஒவ்வொரு கோப்பின் பெயரையும், பக்கத்திலேயே அதன் அகலத்தையும் 400டபிள்யூ (400w), 600டபிள்யூ என்று எழுதுங்கள். எதை எடுப்பது என்று பிரவுசரே முடிவு செய்யும்.

ஆனால் படம் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் வந்து சேரும் முன்பே அது கோப்பைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும். அதைச் சொல்வது அதே டேகில் எழுதும் சைசஸ். நான் இதை எழுதாமல் விட்டேன். எழுதாவிட்டால் படம் திரை முழுக்க வரும் என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். அண்ணன் போன் 360 பிக்சல் அகலம், அடர்த்தி 3 மடங்கு, அதாவது அந்த ஒவ்வொரு பிக்சல் அகலத்துக்கும் திரையில் நிஜமாக 3 புள்ளிகள். ஆக 1080 தேவை என்று கணக்குப் போட்டு 1200 கோப்பை இறக்கியது. கொலுசு டிசைன்களைக் காட்டும் பக்கத்திலோ வரிசைக்கு இரண்டு கொலுசு, அதாவது படத்துக்குப் பாதித் திரைதான். அங்கே சைசஸில் 50விடபிள்யூ (50vw, திரை அகலத்தில் பாதி) என்று போட்டதும் தேவை 540 ஆகி, 600 கோப்பே வந்தது.

சரி, எடை குறைந்தது. நூல்? அது சுருக்கித் தீர்கிற விஷயம் இல்லை, வேறு படமே வேண்டும். திருகாணியும் சலங்கையும் நெருக்கத்தில் தெரிகிற மாதிரி உயரவாக்கில் வெட்டிய ஒரு படம் தயார் செய்தேன். பிக்சர் டேகுக்குள் ஒரு சோர்ஸ்; அதன் மீடியாவில் மேக்ஸ்-விட்த் 600 பிக்சல் என்ற நிபந்தனை, சோர்ஸ்செட்டில் இந்தப் புதுப் படம். கடைசியில் வழக்கமான இமேஜ் டேக், பழைய நீளப் படத்தோடு. இமேஜ் டேகை எழுதாமல் விட்டால் எதுவுமே தெரியாது. படம் வராதபோது அதற்குப் பதிலாக வரும் ஆல்ட் எழுத்தும் அதில்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் விட்த், ஹைட் எண்களை டேகிலேயே கொடுங்கள். பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கும். போன் நம்பரைத் தொடப் போகிற நேரத்தில் பக்கம் குதிக்காது. கீழே வரும் படங்களுக்கு லோடிங் லேசி போடலாம்; அவற்றை நெருங்கும்போதுதான் பிரவுசர் இறக்கும். முகப்புப் படத்துக்கு வேண்டாம், தாமதம்தான் ஆகும்.

சோதிக்க குரோமில் எஃப்12, நெட்வொர்க் பகுதி. கேஷை (இறங்கிய கோப்புகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்) முடக்கிவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இறங்கிய பெரிய படம் இருந்தால் குரோம் அதையே காட்டி ஏமாற்றும். அப்புறம் நிஜப் போனில் ஒருமுறை.

அண்ணன் போனில் இப்போது சலங்கை பளிச்சென்று தெரிகிறது. பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜோடியில இன்னொண்ணு எங்க தம்பி?"