வேடந்தாங்கலில் ஒரு பகல்: கேமரா புதிதாக வாங்கியவர்களுக்கு

கேமரா வாங்கிய புதிதில் மொட்டைமாடிக் காக்கையையும் வாசல் செம்பருத்தியையும் எல்லோரும் எடுப்போம். அடுத்து எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைத்தான் சொல்வேன். அங்கே பறவைகள் பெரியவை, நிதானமாகப் பறப்பவை, ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வருபவை. ஒரு தடவை தவறவிட்டால் பத்து நிமிடத்தில் அதே காட்சி மறுபடி கிடைக்கும். பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால்தான் பறவைகள் வரும். மழை பொய்த்த வருடம் போனால் ஏமாற்றம்தான், அதனால் கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் ஜனவரிதான் நல்ல மாதம். கூட்டில் குஞ்சுகள் இருக்கும், வெயிலும் மிதமாக இருக்கும். சனி, ஞாயிறு வேண்டாம், கரை முழுக்கக் கூட்டம்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பையில் என்ன வைப்பது

55-250 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். கேமராவோடு வந்த சின்ன லென்ஸையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வேலை பின்னால் வருகிறது. கூடுதல் பேட்டரி, தொப்பி, தண்ணீர். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ட்ரோன், ஃபிளாஷ் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேமராவை வண்டியிலேயே செட் செய்யுங்கள்

நான் முதல் முறை போனபோது கேமரா செட்டிங் எல்லாவற்றையும் ஆட்டோ மோடிலேயே விட்டுவிட்டேன். நானூறு படம் எடுத்து வந்தேன். பறக்கும் பறவை ஒவ்வொன்றின் சிறகும் புகை மாதிரி கலைந்திருந்தது. கொக்குகளெல்லாம் இறகே தெரியாத வெள்ளைக் காகிதமாக இருந்தன. அன்றைக்கு யாராவது கீழே உள்ள நாலு விஷயங்களைச் சொல்லியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் மோடுக்கு மாறுங்கள். கேனனில் அது 'டிவி', நிக்கானில் 'எஸ்'. பறக்கும் பறவைக்கு 1/1600 நொடி, உட்கார்ந்திருப்பதற்கு 1/500 நொடி. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200 ஆக வையுங்கள். கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தைத்தான் சரிசெய்ய முடியாது.

அடுத்தது ஃபோகஸ். பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே போக வேண்டும். கேனனில் அதன் பெயர் 'ஏஐ சர்வோ', நிக்கானில் 'ஏஎஃப்-சி'. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும்.

வெள்ளைப் பறவைக்குத் தனிக் கவனம் வேண்டும். பின்னால் கரும்பச்சை மரம் இருந்தால், கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெளிறிப்போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- பொத்தானில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) 0.7 குறையுங்கள். அதே கொக்கு வெளுத்த வானத்தில் பறந்தால் கருநிழலாக விழும். அப்போது 1 கூட்டுங்கள். இந்த ஒரு பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பப் பழகுங்கள்.

அப்புறம், ரா ஃபைலில் எடுங்கள், கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல் அது. அவ்வளவுதான்.

கரையில்: நிழலையும் காற்றையும் பாருங்கள்

கரையில் ஏறியதும் கேமராவைத் தூக்காதீர்கள். முதலில் உங்கள் நிழலைப் பாருங்கள். அது பறவை இருக்கும் பக்கம் நீண்டால் வெளிச்சம் உங்கள் முதுகில் இருக்கிறது, இறகின் நிறம் முழுதாகக் கிடைக்கும். நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் சூரியன் எதிரே இருக்கிறது. அங்கே நிற்பதாக இருந்தால் நிழலுருவப் படங்களை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் கரையோடு நடந்து இடத்தை மாற்றுங்கள்.

பிறகு காற்று. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால், இறங்கும் பறவையின் முகம் உங்களை நோக்கி இருக்கும். இது தெரிந்தபிறகு வால் மட்டுமே தெரியும் படங்கள் எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டன.

இப்போது ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். மற்றப் பறவைகளை அப்புறம் எடுக்கலாம், முதலில் இதை எடுங்கள். அதன் அலகைப் பக்கவாட்டில் பார்த்தால் மேல்பாதியும் கீழ்பாதியும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். வழுக்கும் நத்தையைக் கையாள உதவும் அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். தாயும் குஞ்சும் ஒரே பக்கம் பார்க்கும்போது, பின்னால் வானம் வருகிற மாதிரி எடுத்தால் இரண்டு அலகின் வித்தியாசமும் ஒரே படத்தில் கிடைக்கும். பாக்குவெட்டி போலத் திறந்திருக்கும் தாயின் அலகு வழியாக வானம் தெரியும். அந்தப் படத்துக்காக மட்டும் நான் மூன்று தடவை போயிருக்கிறேன்.

வெயில் ஏறியதும் பலர் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் இருந்து பாருங்கள். தாய் நாரை கூட்டின்மேல் நின்று இரண்டு சிறகையும் குடைபோல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நீண்ட நேரம் அசையாமல் நிற்கும், அதனால் புதியவர்களும் தாராளமாக எடுக்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பறக்க வைப்பதற்காகக் கைதட்டுவது, விசிலடிப்பது, கல்லெறிவது கூடவே கூடாது. தாய் எழும்பிய சில நொடியில் காக்கையோ பருந்தோ கூட்டில் இறங்கிவிடும். யாராவது அப்படிச் செய்தால் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் காவலரிடம் சொல்லுங்கள்.

பத்து மணிக்குமேல் வயலுக்குப் போங்கள்

முதலில் சொன்ன இன்னொரு காரணம் இதுதான். வேடந்தாங்கலைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள். ஆங்கிலேயப் பட்டாளத்துக்காரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்கு எழுத்து மூலம் கவுல் (உறுதிப் பத்திரம்) வாங்கினார்கள். பக்கத்திலுள்ள மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கோயில் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வயலில் கிடைக்கும் நத்தையும் நண்டும் பறவைக்கு இரை. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்து, தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிக்காத ஊர் இது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2022-ல் கிடைத்த ராம்சர் அங்கீகாரத்துக்குப் பின்னால் இத்தனை தலைமுறையின் பொறுமை இருக்கிறது. ஊர் இல்லாமல் பறவையை மட்டும் எடுத்து வந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

இங்கேதான் சின்ன லென்ஸ் வேண்டும். லென்ஸின் துளை அளவு எஃப் 8, ஷட்டர் 1/500. நடவுக்காகச் சேற்றை உழுது சேடை ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்து போகும். நடவு நடந்தால் வரப்பிலேயே நில்லுங்கள், நாற்றை மிதித்துவிடாதீர்கள். குனிந்து நடுபவர்களை மேலிருந்து எடுக்காமல், நீங்களும் உட்கார்ந்து அவர்கள் கண்மட்டத்தில் எடுங்கள். பின்னால் ஏரிக்கரையும் பறக்கும் நாரையும் சட்டத்துக்குள் வரட்டும்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டும். "அக்கா, வேலையைக் கெடுக்காம ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். "வேணாம்பா" என்றால் வேண்டாம். எடுத்ததும் திரையில் காட்டுங்கள். ஒரு முறை சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்த அம்மா ஒருவர், "என்னய விடு தம்பி, அந்தக் கொக்கு நல்லா வுழுந்திருக்கா பாரு" என்றார்.

மாலை, பிறகு வீடு

நாலு மணிக்குக் கரைக்குத் திரும்பிவிடுங்கள். இரை தேடப் போனவை கூட்டம்கூட்டமாக வந்து இறங்கும். கூழைக்கடா சிறகடிக்காமல் தண்ணீரை ஒட்டி மிதந்து வருவதைக் கேமராவைக் கூடவே நகர்த்தி எடுங்கள். ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

வீட்டில் படங்களை ஏற்றியதும், கண் தெளிவில்லாதவற்றை முதலில் நீக்குங்கள். மிஞ்சுவதில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேதி, பறவையின் பெயர் எழுதுங்கள். ஜனவரியில் போனால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். நீங்கள் பார்த்தவற்றை, பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான ஈபேர்டில் படத்தோடு ஏற்றலாம்.

வயலில் எடுத்ததில் ஒன்றை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த தடவைக்கான பையில் இப்போதே வைத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு நான் கொண்டுபோனபோது, முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினார்.