லேப்டாப்பில் பில்ட், ராஸ்பெரி பையில் ஓட்டம்: கிராஸ் கம்பைல் பிழைகளைப் பிடிப்பது எப்படி?

பெரிய சி++ புராஜெக்டை ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்தால் போர்டும் சூடாகும், பொழுதும் போகும். அதனால்தான் லேப்டாப்பில் பில்ட் செய்து, முடிந்த கோப்பை மட்டும் பைக்கு அனுப்புகிறோம். இதற்குத்தான் கிராஸ் கம்பைல் என்று பெயர். இதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: பையின் சரக்கு இருக்க வேண்டிய இடத்தில் லேப்டாப்பின் சரக்கு நுழைந்திருக்கும். எந்த வழியாக நுழைந்தது என்று தேடுவதுதான் நம் வேலை.

இங்கே இன்டெல் லேப்டாப்பில் உபுண்டு 22.04, பையில் டெபியன் 11-ஐ அடிப்படையாகக் கொண்ட 64 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ், பில்டை நடத்தும் கருவி சிமேக் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கோப்பு யாருக்கானது?

பையில் ஓட்டியதும் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்கிறதா? லேப்டாப்பில் ‘ஃபைல்’ கமாண்டைக் கொடுத்து, அந்தக் கோப்பின் பெயரையும் தாருங்கள். பையின் புராசசர் வகையான ‘ஏஆர்எம் ஏஆர்க்64’ என்று வர வேண்டும். இன்டெல் லேப்டாப்பின் வகையான ‘எக்ஸ்86-64’ என்று வந்தால், லேப்டாப்பின் சாதாரண ஜிசிசி கம்பைலரே வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

படி 2: டூல்செயின் கோப்பு

சிஸ்டம் பெயர் லினக்ஸ், புராசசர் ஏஆர்க்64, அதற்கான சி, சி++ கம்பைலர்கள், சிஸ்ரூட்டின் (பையின் லைப்ரரி, ஹெடர்களை லேப்டாப்பில் நகலெடுத்து வைக்கும் ஃபோல்டர், படி 4-இல் வரும்) பாதை. இவற்றை ஒரு கோப்பில் எழுதி, சிமேக்கை முதல்முறை ஓட்டும்போதே கொடுக்க வேண்டும். இந்த ‘முதல்முறை’தான் முக்கியம். ஏற்கெனவே ஓட்டிய பில்ட் ஃபோல்டரில் பழைய கம்பைலரின் பெயர் கேஷ் கோப்பில் பதிந்திருக்கும். டூல்செயின் கோப்பைப் பிறகு கொடுத்தாலும் சிமேக் அதைக் கண்டுகொள்ளாது. தயங்காமல் பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாதிப் புலம்பல் இதிலேயே நின்றுவிடும்.

படி 3: லிங்கர் புகார்

கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைப்பது லிங்கர். அதனிடமிருந்து ‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்’ (எஸ்எஸ்எல் லைப்ரரி கிடைக்கவில்லை) என்று கடைசி வரியில் வரும். லைப்ரரிதான் இருக்கிறதே என்று குழம்பாமல் மேலே போய்ப் பாருங்கள். ‘ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்’ என்று ஒரு வரி, கூடவே ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதையில் எக்ஸ்86 என்று இருந்தால் திருடன் அகப்பட்டான்: லிங்கர் லேப்டாப்பின் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியைப் பார்த்து, இது ஆகாது என்று ஒதுக்கியிருக்கிறது.

சரி, எப்படி நுழைந்தது? ஒன்று, சிமேக் கோப்பில் யாராவது லேப்டாப் பாதையை நேரடியாக எழுதியிருப்பார்கள். இல்லையென்றால், லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவி லேப்டாப்பின் பட்டியலைப் படித்திருக்கும். அதன் லிப்டிர், சிஸ்ரூட்-டிர் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களையும் சிஸ்ரூட்டின் பக்கம் திருப்புங்கள். டூல்செயின் கோப்பில் லைப்ரரி, ஹெடர் தேடலுக்கு ‘ஒன்லி’ (சிஸ்ரூட்டில் மட்டும் தேடு), புரோகிராம் தேடலுக்கு ‘நெவர்’ (சிஸ்ரூட்டில் தேடாதே) என்று வையுங்கள். பில்டின் நடுவே ஓடும் கருவிகள் லேப்டாப்பில்தானே ஓட வேண்டும்!

படி 4: சிஸ்ரூட்

பையில் தேவையான டெவ் பேக்கேஜ்களை நிறுவிய பிறகு, அதன் லைப்ரரி, ஹெடர் ஃபோல்டர்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் லேப்டாப்புக்கு எடுங்கள். சில லைப்ரரிகள் முழுப் பாதை கொண்ட சிம்லிங்க்குகளாக (வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் லிங்க்குகளாக) இருக்கும். அப்படியே நகலெடுத்தால் அவை லேப்டாப்பின் ஃபோல்டரைக் காட்டும், அல்லது எதையுமே காட்டாது. ‘காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ்’ ஆப்ஷனைச் சேர்த்தால் லிங்க்குக்குப் பதில் அசல் கோப்பே வந்துவிடும்.

படி 5: ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’

பில்ட் சுத்தமாக முடிந்து, பையில் மட்டும் இது வரும். ஜிலிப்சி என்பது லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 22.04-இல் ஜிலிப்சி 2.35, டெபியன் 11-இல் 2.31. புதியதில் லிங்க் ஆனது பழையதில் ஓடாது. ஜிலிப்சியைப் பையில் மட்டும் கையால் ஏற்றப் போகாதீர்கள், சிஸ்டமே படுத்துவிடும். லேப்டாப்பிலேயே டெபியன் 11 சூழலைத் தனியாகத் தரும் டாக்கர் கன்டெய்னருக்குள் கிராஸ் கம்பைலரை நிறுவி அங்கே பில்ட் செய்வது சுலபம். அப்புறம் ‘ஆப்ஜ்டம்ப்’ கமாண்டில் பெரிய டி ஆப்ஷனைக் கொடுத்தால், கோப்பு கேட்கும் ஜிலிப்சி எண்கள் தெரியும். அதில் எதுவும் 2.31-ஐத் தாண்டவில்லை என்றால் பைக்கு அனுப்பலாம்.