புத்தகப்பையில் இரண்டு சட்டை: போர்ச் செய்தியைப் பிள்ளைகளோடு பேசுவது எப்படி

காஸாச் செய்தி வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஓர் இரவு என் எட்டு வயது மகளின் கட்டிலடியில் அவளுடைய புத்தகப்பை புடைத்துக் கிடந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு தண்ணீர்ப் போத்தல், அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அவள் போரைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடக் கேட்டிருக்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எனக்கே அது பிடிபடவில்லை.

அதனால் பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே தொடங்குங்கள், கேள்வியாகத் தொடங்குங்கள். “வகுப்பில் யாராவது சண்டையைப் பற்றிக் கதைத்தார்களா? என்ன சொன்னார்கள்?” எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காது. தலை பின்னும்போது, வெங்காயம் உரிக்கும்போது கேளுங்கள். மறுநாள் காலை நான் பின்னல் போட்டுக்கொண்டிருக்கையில்தான் மகள் சொன்னாள்: “நாங்கள் ஓடவேண்டி வந்தால் அம்மம்மாவால் நடக்க முடியாதே, அம்மா.”

அவளுடைய கேள்வி அவ்வளவுதான். எல்லை, ஆட்சி, வரலாறு எதுவும் அதில் இல்லை. பிள்ளையின் கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். “காஸா இங்கிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்தக் குண்டு இங்கே வராது. எது நடந்தாலும் அம்மம்மாவை விட்டுவிட்டு நாங்கள் எங்கேயும் போகமாட்டோம்” என்றேன். “இங்கே போரே வராது” என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்த வாக்கை யாரும் கொடுக்க முடியாது. காப்பாற்ற முடியாத வாக்கைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்ததும் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழுந்து மழையில் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் சனம். ஓரடி வைப்பதற்கு ஒரு யுகம் பிடித்தது. அம்மா என்னிடம் சொன்னது இரண்டே வசனம்: “சாவகச்சேரிக்குப் போகிறோம். தம்பியின் கையை விடாதே.” அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, தெரியாததை இட்டுக்கட்டவும் இல்லை. இரண்டாவது வசனம் எனக்கு ஒரு வேலை தந்தது. தம்பியின் ஈரக் கையைப் பிடித்திருந்ததால் விடியும்வரை அழாமல் நடந்தேன். பயந்த பிள்ளைக்கு வயதுக்கேற்ற ஒரு வேலை கொடுங்கள். உண்டியலில் காசு சேர்க்கலாம், விளக்கேற்றிக் கும்பிடலாம், படம் வரையலாம்.

சிறு பிள்ளை இருக்கும் அறையில் செய்திக் காட்சியை நிறுத்திவிடுங்கள். ஒரே கட்டடம் பத்து முறை திரையில் இடிந்தால், பத்துக் கட்டடம் இடிந்ததாகவே அந்தப் பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

பதின்ம வயதுக்காரருக்கு இது போதாது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், இரவு வானில் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்படும் காணொளியை என் மகன் காட்டினான். பதினைந்து வயது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியைப் பறிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். “இதை எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார்? ஏன் ஆள் நடமாட்டமே இல்லை?” என்று கேட்டேன். ‘ஆர்மா 3’ என்னும் கணினி விளையாட்டின் காட்சிகளைப் போர்க் காட்சியென்று பரப்புகிறார்கள் என அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022இல் எச்சரித்திருக்கிறது. மங்கல், இருட்டு, ஆடும் கமெரா, ஒலியின்மை, அசையும் மனிதர் இல்லாமை ஆகியவற்றை அடையாளமாகவும் சொன்னது. அதன்பின் மகன் தானே ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினான். நடுக்கம் குறைந்தது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அரசு வேறு, ஆயுதம் ஏந்தியவர் வேறு, அங்கே வாழும் சனம் வேறு. “அந்த ஆட்களே அப்படித்தான்” என்று மகன் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, யாரைச் சொல்கிறாய் என்று கேட்பேன்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பினால், பள்ளிக்கூடம் போகும் காலையில் எல்லாம் வயிறு வலித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மகளின் பையை நான் பிரிக்கவில்லை. நான்காம் நாள் அவளே சட்டைகளை எடுத்து அலுமாரியில் வைத்தாள். கூடு மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. அம்மம்மா தன் கண்ணாடியை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்கிறார்.