ஏர் ஃபில்டரும் வலது காலும்: பெங்களூரு சாலையில் மைலேஜைக் கூட்டும் முறை

சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் நம்மவர்கள், முதல் கார் வாங்கிய சில மாதங்களில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை மாற்றி, கடையில் தனியாக விற்கும் விலை கூடிய பருத்தி ஃபில்டரைப் போட்டால் மைலேஜ் கூடுமா? கூடாது என்பதே என் பதில். ஆனால் மைலேஜைக் கூட்ட வேறு வழிகள் உண்டு.

முதலில், இப்போது கிடைக்கும் மைலேஜை அளந்துகொள்ளுங்கள். பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, அடுத்த முறையும் அதே பங்க்கில் அவ்வாறே நிரப்புங்கள். 420 கிலோமீட்டர் ஓடியபின் 30 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர். மூன்று முறை இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்து, ஃபில்டரைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபின் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து, உள்ளிருப்பதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்புகளின் ஊடே வெளிச்சம் தெரியாவிட்டால், உங்கள் காருக்கு உரிய அளவில் புதிய காகித ஃபில்டரே போதும். பழையதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. மெட்ரோ பணிப் புழுதி படியும் வெளிவட்டச் சாலையில் ஓடும் கார் என்றால், கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காற்றையும் பெட்ரோலையும் கணினியின்றிக் கலந்து தந்த கார்புரேட்டர் காலத்தில் அடைபட்ட ஃபில்டர் பெட்ரோலை வீணாக்கியது உண்மைதான். இன்றைய பெட்ரோல் கார்களிலோ, உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து சொல்ல, 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் கெடாதபடி காரின் கணினி எரிபொருளை விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்விலும், இத்தகைய கார்களில் ஃபில்டரை மாற்றியதால் வேகமெடுக்கும் திறன் மேம்பட்டதே தவிர மைலேஜ் கூடவில்லை. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அது காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து, புதிய செலவையும் இழுத்து வைக்கும்.

பெட்ரோல் உண்மையில் வீணாவது வலது காலின் கீழ்தான். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தும் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கொண்டுபோய்க் கடைசியில் பிரேக் பிடிப்பவர், தான் எரித்த பெட்ரோலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறார். அதற்குப் பதிலாக, தொலைவிலேயே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே காரை உருள விடுங்கள். அப்போது பெரும்பாலான கார்களில் கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் உருட்டினால் இன்ஜின் அணையாதிருக்க எரிபொருள் செலவாவதோடு, காரின் வேகத்தை இன்ஜினே தடுக்கும் ஆற்றலும் கைவிட்டுப் போகும் என்பதால், மேம்பாலத்தில் இறங்கும்போது அதைச் செய்யவே வேண்டாம். நெரிசலில் முன்வண்டிக்குச் சற்று இடம் விட்டு, ஒரே சீராக ஊர்ந்து செல்லப் பழகுங்கள். அந்த இடைவெளியில் யாராவது ஸ்கூட்டரை நுழைத்துவிடுவார்கள், நுழையட்டும். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

டயர் காற்றை மாதம் இருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவின்படி சரிபாருங்கள்.

ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் அசையவே இல்லையென்றால், ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுந்த வெப்பத்தோடு இருந்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.