சண்டைக்கு நடுவே கடதாசி பிடிப்பது எப்படி

கொக்குவிலில் அப்பப்பாவின் வீட்டு விறாந்தையில்தான் நான் முதலில் கடதாசி பிடித்தேன். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். மொத்தம் 32 கடதாசி. முதலில் ஆளுக்கு நாலு வரும். அந்த நாலை மட்டும் பார்த்து எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், பிறகுதான் மிச்ச நாலும் கைக்கு வரும். அப்பப்பா ஒரு கேள்விக்கு வெற்றிலை மடித்து முடிக்கும் அளவு நேரம் எடுப்பார். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இப்போது நான் இரவில் விளையாடுவதும் கடதாசிதான், ஆனால் யோசித்துக்கொண்டு நின்றால் எதிராளி அடித்துவிடுவார். தோஹோ ஹிசோதென்சோகு என்பது அதன் பெயர். தசோகரே ஃபிரொன்டியர், டீம் ஷங்காய் அலிஸ் என்ற இரண்டு சிறிய ஜப்பானியக் குழுக்கள் சேர்ந்து 2009 ஓகஸ்டில் வெளியிட்டார்கள். விளையாடுகிறவர்கள் சுருக்கமாகச் சோகு என்பார்கள். எங்கள் ஊரில் நல்ல சாமானைச் சோக்கு என்று சொல்வதால் எனக்கு அந்தப் பெயர் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் நேருக்கு நேர் அடிபடும் சண்டை விளையாட்டு. ஆனால் ஒவ்வொருவரும் தாங்களே அடுக்கிய 20 அட்டைக் கட்டோடுதான் களத்துக்கு வருவார்கள். இந்தக் கட்டை எப்படி அடுக்குவது, அடிபட்டுக்கொண்டே எப்படிப் பாவிப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நான் க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறவள், அதனால் கொஞ்சம் கணக்கும் வரும்.

பெரிய கொம்பியூட்டர் தேவையில்லை. வினாத்தாள் அடிக்க வாங்கிய என் பழைய லப்டொப்பிலேயே ஓடுகிறது. திரை 640க்கு 480 தான். கீபோட்டை மட்டும் முதலில் சோதியுங்கள்: மலிவான சிலதில் மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தினால் ஒன்று பதியாது. அட்டையை மாற்றுவதற்கு ஒரு தனி விசை, பாவிப்பதற்கு இன்னொரு தனி விசை என்று அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடி விசைகளைச் சேர்த்து அமத்தியும் அதைச் செய்யலாம், ஆனால் பதட்டத்தில் விரல் பிசகும்.

சண்டையின் அடிப்படை ஒரு வட்டம். கிட்ட அடி, தூர அடி, உரசல் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். தூர அடி என்பது சுடுவது. அது கிட்ட வந்து அடிக்கப் பார்க்கிறவரை நிறுத்தும். உரசல் என்பது பாய்ந்து ஓடுவது. பாயும்போது சுட்டவை உடம்பை உரசிக்கொண்டு போகும், ஒன்றும் செய்யாது. ஆனால் பாய்கிறவர் கிட்ட அடிக்கு அகப்படுவார். அவ்வளவுதான். முதல் ஒரு கிழமை அட்டையைத் தொடாமல் இந்த வட்டத்தை மட்டும் பழகுங்கள். இதோடு திரையில் ஐந்து உருண்டைகள் இருக்கும். சுட்டால் ஒன்று கரையும், தூர அடியைத் தடுத்தாலும் கரையும், கிட்ட அடியை மேலா கீழா என்று பிழையாகத் தடுத்தாலும் கரையும். எல்லாம் கரைந்த பிறகும் தடுத்தால் தடுப்பு உடையும். கொஞ்ச நேரத்தில் அவை தாமாக நிறையும். அட்டைகள் வேறு வழியில் வரும்: அடித்தாலும் அடி வாங்கினாலும் ஒரு அளவுகோல் ஏறி, நிறைந்ததும் கட்டிலிருந்து ஒன்று கைக்கு வரும். கையில் ஐந்துக்கு மேல் நிற்காது.

சரி, கட்டுக்கு வருவோம். அட்டைகள் மூன்று வகை. எல்லோருக்கும் பொதுவானவை ஒன்று. நீங்கள் தெரிந்தெடுத்து விளையாடும் ஆளின் திறனை மாற்றும் அட்டைகள் இன்னொன்று. அதையே திரும்பப் பாவித்தால் திறனின் தரம் ஏறும், உச்சம் 4. மூன்றாவது மந்திர அட்டைகள், பெரிய அடி அவைதான். கட்டில் 20, ஒரே அட்டை நாலுக்கு மேல் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள், நானும் செய்தேன்: பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்று போட்டு இருபது வகை அடுக்குவது. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 அட்டையில் ஒரு அட்டை ஒன்றே ஒன்று இருந்தால், முதல் ஐந்துக்குள் அது வரும் வாய்ப்பு 25 வீதம். இரண்டு வைத்தால் 45 வீதம், மூன்றுக்கு 60, நாலுக்கு 72. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 20 புள்ளி கூடுகிறது, மூன்றிலிருந்து நாலுக்கு 12 தான். ஆகவே உயிர் காக்கும் அட்டையை நாலு வையுங்கள். இருந்தால் நல்லது என்று நினைப்பதை இரண்டு வையுங்கள். ஒன்றே ஒன்று வைப்பது நாலு சுற்றில் ஒரு சுற்றுக்கு மட்டும் திட்டம் போடுவது போன்றது, அதை விட்டுவிடுங்கள்.

முதல் கட்டுக்கு நான் சொல்வது: ஐந்து வகை, வகைக்கு நாலு. அதில் ஒன்று கட்டாயம் ஆவி அடி. தடுத்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பாவித்து எதிராளியைத் தள்ளிவிடலாம், விலை ஒரு அட்டைதான். இரண்டு வகை உங்கள் ஆளின் திறன் அட்டைகள். மிச்ச இரண்டும் விலை குறைந்த மந்திரங்கள். இப்படி அடுக்கினால் கையைப் பார்க்கவே தேவையில்லாத அளவுக்குப் பழகிவிடும். பழகிய பிறகு ஒரு நாலைப் பிரித்து இரண்டு இரண்டாக்கிப் பாருங்கள்.

மந்திரத்தின் விலையைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். விலை 3 என்றால் அந்த அட்டையோடு கையிலிருக்கும் வேறு இரண்டும் சேர்ந்து போகும். விலை 5 என்றால் கை முழுக்க வெறுமை. அது மட்டுமில்லை, ஐந்து சேரும் மட்டும் நீங்கள் வேறு எதையும் பாவிக்காமல் காக்க வேண்டும், ஆவி அடியைக்கூட. முந்நூற்றிநாலில் ஆகப் பெரிய கடதாசியான வீரன் (J) கையில் இருந்தால் அதை எப்போது இறக்குவது என்று பொத்திப் பொத்தி வைத்திருப்போமே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே பொத்தி வைத்திருக்கும் நேரத்தில் முதுகில் அடி விழும்.

எனக்கு இது உறைத்த சுற்றை இன்னும் மறக்கவில்லை. கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தியின் மகனோடு விளையாடிக்கொண்டிருந்தேன். என் ஆள் சக்குயா, கத்தி எறிகிறவள். சுவரோரம் தள்ளிவிட்டான். கையில் நாலு அட்டை. முதலில் நின்றது விலை 5 மந்திரம், கை நிறையாததால் பாவிக்க முடியாது. அடுத்தது திறன் அட்டை, அதற்கடுத்ததும் அதேதான். கடைசியில் ஆவி அடி. முன்னுக்கு நிற்பதைத்தான் பாவிக்க முடியும், அதனால் அதைக் கொண்டுவர மாற்றும் விசையில் மூன்று தட்டு. ஒன்று, இரண்டு... மூன்றாவது தட்டுக்கு விரல் போகும்போது கடைசி உருண்டையும் கரைந்து தடுப்பு உடைந்தது. சுற்று முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, உங்கட கையில என்ன கிடந்தது?" நான் சொன்னேன். "அப்ப அது கையில இல்லை அக்கா. மூண்டு தட்டு தூரத்தில இருந்தால் அது கட்டுக்குள்ள கிடக்கிற மாதிரித்தான்."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். சும்மா நிற்கும் ஒவ்வொரு கணத்திலும், எதிராளி விழுந்து எழும்பும்போது, இருவரும் தூர நிற்கும்போது, அட்டையை மாற்றி ஆவி அடியை முன்னுக்குக் கொண்டுவந்து வையுங்கள். அடிக்கப் போகிறீர்கள் என்றால் மந்திரத்தை முன்னுக்கு வையுங்கள். அடி விழத் தொடங்கிய பிறகு தேடக்கூடாது.

இதைக் கொம்பியூட்டர் இல்லாமலே பழகலாம். நான் பழைய சி.ஆர். கொப்பி மட்டையை வெட்டி இருபது துண்டு எடுத்து, பெயரும் விலையும் எழுதினேன். குலைத்துக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்குவேன். அம்மா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பா. நினைத்த நேரத்தில் "அடி!" என்பா. உடனே ஆவி அடி எத்தனை தட்டில் இருக்கிறது என்று நான் பார்க்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்தில் மூன்றுதான் சரி. மாதக் கடைசியில் ஒன்பது. அந்த மாதத்தில் என் தடுப்பு உடைவது பாதியாகக் குறைந்ததை நான் கொப்பியில் எண்ணியே வைத்திருக்கிறேன்.

அடுத்தது வானிலை. இந்த விளையாட்டில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். சண்டை நடக்கும்போதே வானிலை மாறும், மொத்தம் 20 வகை, ஒவ்வொன்றும் சட்டத்தை ஒருவிதமாக மாற்றும். அடுத்து என்ன வருகிறது என்று முன்கூட்டியே திரையில் தெரியும். சோளகம் பெயர்ந்தால் என்ன, வாடை தொடங்கினால் என்ன என்று பார்த்து வெங்காயம் நடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. மப்பு வந்தால் மந்திரத்தின் விலை ஒன்று குறையும். அது என் சக்குயாவுக்கே உரிய வானிலை, அதனால்தான் என் கட்டில் விலை 2 மந்திரம் நாலு இருக்கிறது. மப்பில் அது ஒரே அட்டைக்குக் கிடைக்கும். பனி விழுந்தால் அடி வாங்குகிறவரின் அட்டைகள் பறிபோகும், ஆகவே பனி வருகிறதென்று கண்டால் பொத்தி வைத்திருப்பதை உடனே செலவழியுங்கள். புயலில் தடுக்கவே முடியாது, ஆவி அடிக்கு அங்கே வேலை இல்லை.

வெயிலோடு மழை பெய்யும் வானிலையும் ஒன்று உண்டு. காக்கைக்கும் நரிக்கும் கலியாணம் என்று நாங்கள் சொல்வது. ஜப்பானிலும் அதை நரியின் கலியாணம் என்றுதான் சொல்வார்களாம். இதை அறிந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த நேரத்தில் கிட்ட அடியை மேல் கீழ் பிழையாகத் தடுத்தால் தடுப்பு உடனே உடையும். எனவே தூர நில்லுங்கள். இருபதையும் ஒரேயடியாகப் பாடமாக்க வேண்டாம். உங்கள் ஆளின் வானிலை, நீங்கள் அடிக்கடி சந்திக்கும் ஆளின் வானிலை, அப்புறம் புயல், பனி. தொடக்கத்துக்கு இந்த நாலும் போதும்.

இனி ஒன்லைன். ஒருவர் வீட்டில் களம் திறப்பார், மற்றவர் அவருடைய ஐபி இலக்கத்தைக் கொடுத்துச் சேர்வார். திறக்கிறவரின் ரவுட்டரில் யூடிபி 10800 என்ற போர்ட்டை, அதாவது தரவு வந்து போகும் வாசலை, திறந்துவிட வேண்டும். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் என்றால் பெரும்பாலும் இது சரிவராது, ஏனென்றால் பல வீடுகள் ஒரே வெளி இலக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான் இரண்டு நாள் ரவுட்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இது விளங்கியது. இதற்கென்றே ரசிகர்கள் செய்த ஆட்டோபஞ்ச் என்ற சிறிய கருவி இருக்கிறது. இருவரும் அதைப் போட்டால் போர்ட் திறக்காமலே இணையலாம். வைஃபையை விட்டு லேன் வயரைக் குத்துங்கள். வேகம் கூடுவதற்காக இல்லை, தாமதம் ஏறி இறங்காமல் ஒரே அளவாக இருப்பதற்காக.

தாமதத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கும் டொரொன்டோவுக்கும் நேர்கோட்டில் சுமார் 13,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் ஓடும். ஆகவே எந்த இணைப்பு வாங்கினாலும் ஒரு பக்கம் போகவே 68 மில்லி செக்கனுக்குக் குறையாது. வயர் சுற்றி வருவதால் எங்களுக்கு ஏறக்குறைய 135. விளையாட்டு செக்கனுக்கு 60 படம் ஓடுகிறது, ஒரு படம் 16.7 மில்லி செக்கன். அதாவது என் விரல் அமத்தியதிலிருந்து எட்டுப் படம் கழித்தே அடி விழும். விளையாட்டோடு வரும் முறை அந்தத் தாமதத்தை அப்படியே உங்கள் கையில் சுமத்தும். கியூரோல் என்ற ரசிகர் திருத்தத்தை இருவரும் போட்டால், எதிராளி என்ன அமத்துவார் என்று ஊகித்து ஓட்டி, பிழைத்தால் பின்னுக்குப் போய்த் திருத்தும். தூரத்து உறவுகளோடு விளையாடுகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். விளையாட்டு கடைசிப் பதிப்பான 1.10ஏ ஆக இருக்க வேண்டும்.

அப்படியும் தூரம் தூரம்தான். அதனால் தம்பியோடு விளையாட எனக்கு வேறு கட்டு. கண்டவுடன் திருப்பி அடிக்கும் அட்டைகளை எடுத்துவிட்டு, அவன் விழுந்து எழும்பும் நேரத்தில் முன்கூட்டியே போட்டு வைக்கக்கூடிய மந்திரங்களை வைத்திருக்கிறேன். ஊருக்குள் இருப்பவர்களோடு என்றால் பழைய கட்டு.

ரீப்ளேயைச் சேமிக்க மறக்க வேண்டாம். பார்க்கும்போது சண்டையைப் பார்க்காதீர்கள், கீழே உங்கள் கையில் இருக்கும் அட்டைகளை மட்டும் பாருங்கள். தோற்ற சுற்றின் கடைசிப் பத்துச் செக்கனில் முன்னுக்கு நின்ற அட்டை எது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் கொப்பியில் முதல் மாதம் விலை 5 மந்திரத்தின் பெயர்தான் பக்கம் பக்கமாக இருந்தது. அதைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அங்கே சனி இரவு ஒன்பதரைக்கு, புதுக் கட்டோடு தம்பியைக் கூப்பிட்டேன். மூன்றாவது சண்டையில் சுவரோரம் அகப்பட்டபோது ஆவி அடி முன்னுக்கே நின்றது.