சவாரி வரிசையில் சின்னப் பிள்ளையைச் சமாளிப்பது எப்படி

ஓகஸ்ட் விடுமுறையிலும் போயா நாட்களிலும் தெஹிவளை மிருகக்காட்சிசாலை டிக்கெட் கவுண்டர், தாமரைக் கோபுரத்து லிப்ட் வாசல், ஹன்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்டின் சவாரிகள் என்று எங்கு போனாலும் ஒரே காட்சிதான். வரிசை பாதி நகர்வதற்குள் இரண்டு வயதுப் பிள்ளை தரையில் படுத்துவிடும். பை நிறையக் கொண்டுவந்த விளையாட்டுச் சாமான் முதல் ஐந்து நிமிடத்திலேயே வெளியே வந்து, அலுத்து, யாரோ ஒருவரின் காலடியில் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீட்டுவதால் வருகிற வினை இது.

இந்த வயதில் ஒரு பிள்ளை ஒரே விஷயத்தோடு நான்கைந்து நிமிடம் இருந்தாலே பெரிது. இருபது நிமிட வரிசைக்கு ஐந்து மாற்றம் கையில் இருக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பையை விட்டு வெளியே வரவேண்டும். பிள்ளைக்கு அலுக்கும் முன்பே, இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சம் இருக்கும்போதே, அதை உள்ளே வைத்துவிடுங்கள். அப்போதுதான் அடுத்த வரிசையிலும் அது புதுசாக இருக்கும்.

வரிசையில் சேருமுன்

முதலில் உயரப் பலகையைப் பாருங்கள். பிள்ளையை ஏற்றமாட்டார்கள் என்பது வாசலுக்குப் போன பிறகு தெரியவந்தால் அந்த அழுகையை எந்தச் சாமானாலும் நிறுத்த முடியாது. பிள்ளை ஏறமுடியாத சவாரிக்குப் பெற்றோரில் ஒருவர் மட்டும் நின்றால் போதும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிறவர்கள் வாசலில் நிற்கும் ஊழியரிடம் 'சைல்ட் ஸ்விட்ச்' என்று கேளுங்கள்: ஒருவர் சவாரி முடித்து வரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருந்துவிட்டு, திரும்ப வரிசையில் நிற்காமலே தன் முறைக்கு ஏறலாம். டிஸ்னி பூங்காக்களிலும் இதே ஏற்பாடு உண்டு, பெயர் 'ரைடர் ஸ்விட்ச்'. கொழும்புப் பக்கத்துப் பூங்காக்களில் இப்படிப் பெயர் வைத்த ஏற்பாட்டை நம்பிப் போகவேண்டாம். கேட்டுப் பார்ப்பதில் நட்டமும் இல்லை.

அடுத்தது நேரம். கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், பிள்ளை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில், எந்த வரிசையிலும் சேரவேண்டாம். இரண்டு வயதுக்கு அரை மணியைத் தாண்டும் வரிசை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. சேருவதற்குப் பத்து நிமிடம் முன்பு கழிவறை, பம்பர்ஸ் மாற்றம், இரண்டு மிடறு தண்ணீர். தண்ணீர்ச் சவாரியானால் சாதாரண பம்பர்ஸ் நனைந்து ஊதித் தொங்கும். நீச்சலுக்கென்று விற்கும் பம்பர்ஸ் போடுங்கள். காலில் ரப்பர்ச் செருப்பும் வேண்டும், வெயிலில் கிடந்த சீமெந்துத் தரை வெறுங்காலைச் சுட்டுவிடும்.

பைக்குள் என்ன

எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கையால் விளையாட முடியுமா? நடந்துகொண்டே விளையாட முடியுமா? விழுந்து தொலைந்தால் போகட்டும் என்று விடமுடியுமா? களிமண்ணும் புதிர்ப் பலகையும் இதிலேயே கழிந்துவிடும். மெழுகுக் கிரேயான் காருக்குள் வெயிலில் கிடந்தால் உருகிப் பையோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புக் குமிழி திறந்த வெளிக்கு நல்லது. நெருக்கமான வரிசையில் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படும், இரும்புப் படியில் வழுக்கும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் நீண்ட நேரம் தாங்குவதும் 18 மில்லிமீற்றர் மாஸ்கிங் டேப். ஐந்து ஆறு சென்ரிமீற்றர் நீளத்தில் ஆறு துண்டு கிழித்து, ஒவ்வொன்றின் ஒரு நுனியையும் ஒரு சென்ரிமீற்றர் மடித்துவிடுங்கள். அந்த மடிப்புத்தான் பிள்ளைக்குப் பிடி. அது இல்லாவிட்டால் நகத்தால் கிளப்பமுடியாமல் எரிச்சல் வந்துவிடும். துண்டுகளை உங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒட்டிவைத்தால், பிள்ளை ஒவ்வொன்றாக உரித்துத் தன் சட்டையில் ஒட்டும். பிறகு திரும்ப உங்கள் கைக்கு. செல்லோடேப் இதற்குச் சரிவராது, தோலை இழுத்து நோகச் செய்யும். ஆறு கொடுத்தால் ஆறையும் எண்ணி வாங்குங்கள். வாயில் போடும் வயது இது.

முடிந்துபோன ஈரத் துடைப்பான் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணியில் இருபது சென்ரிமீற்றர்ச் சதுரமாக ஆறு துண்டு உள்ளே திணியுங்கள். இழுப்பதும் திணிப்பதும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பெரிய வேலை. சாமான் விழாமல் இருக்க நூல் கட்டினால் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் விடவேண்டாம், கழுத்தில் சுற்றும். டிஷு உருளையின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே ஆபத்துத்தான்.

கை வீசி நிற்கும்போது

சாமானே தேவைப்படாத விளையாட்டுகளைப் பிந்திய பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலி வீதியில் பஸ் ஏறிப் பழகிய பிள்ளைக்கு 100ஆம் இலக்க பஸ் விளையாட்டைச் சொல்லித்தரவே தேவையில்லை. வரிசைதான் பஸ், பிள்ளை கண்டக்டர். முன்னால் நிற்பவர் நகர்ந்தால் பிள்ளை 'ரைட்' சொல்லவேண்டும். சொன்னால்தான் அப்பா கால் எடுத்துவைப்பார். நின்றதும் ஊர்ப் பெயர்: பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. பேச்சு வராத பிள்ளை உங்கள் காலில் தட்டினால் அதுவே மணி. இதில் உள்ள நயம் என்னவென்றால், வரிசை நகராமல் நிற்பது பிள்ளைக்குத் தண்டனையாகத் தெரியாது, ஹோல்ட்டில் நிற்பதாகத்தான் தெரியும். வரிசை நகரும்போது பிடித்து இழுக்கவேண்டிய சண்டையும் இல்லை.

பருப்புக் கடைவது அம்மம்மாமாருக்கு நன்றாகக் கைவந்தது. பிள்ளையின் உள்ளங்கையில் உங்கள் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய் ஊட்டி, பிறகு நண்டு கையேறிக் கக்கத்துக்குப் போகும். கக்கத்துக்குக் கொஞ்சம் கீழே நண்டை நிறுத்திவையுங்கள். முதல் தரம் ஒரு நொடி, இரண்டாம் தரம் மூன்று நொடி, அப்புறம் இன்னும் கூட. சிரிப்பெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான்.

தோளில் ஏற்றுவது கடைசிப் பத்து நிமிடத்துக்கு. கூரையும் மின்விசிறியும் தாழ்வாக இருக்கும் இடத்தில் அதுவும் கூடாது. இரும்புக் கம்பியில் உட்காரவைக்கவேண்டாம்; வெயிலில் கிடந்த கம்பியானால் பிள்ளை தொடுமுன் உங்கள் புறங்கையால் பாருங்கள்.

வாய்க்கு

மெதுவாகத் தீரும் தீன்தான் வரிசைக்கு ஏற்றது. கோழிக்கூட்டு வாழைப்பழத்தைச் சின்னத் துண்டாக்கி மூடியுள்ள டப்பாவில் எடுங்கள். மாரி பிஸ்கட்டை நாலாக உடையுங்கள். கச்சான், மிக்ஸர், கல் மாதிரி முறுக்கு எல்லாம் பெரியவர்களுக்கு. திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டவேண்டும். அவிசாவளை வீதியில் பருவத்துக்குக் குவித்து விற்கும் றம்புட்டானைச் சின்னப் பிள்ளையிடம் முழுசாகக் கொடுக்கவே கூடாது. வழுக்கும் சதையும் உள்ளே விதையும் தொண்டைக்குள் நேரே போய் அடைக்கும். சதையை வெட்டி விதை நீக்கிக் கொடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அடைத்து, இருமவோ அழவோ முடியாவிட்டால், குனியவைத்து இரு தோள்பட்டைக்கும் நடுவே ஐந்து அடி, போகாவிட்டால் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அமுக்கு, மாறி மாறி. இன்னொருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்லட்டும்.

வெயில் ஏறினால் ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போடுங்கள். தள்ளுவண்டியைத் துவாயால் மூடி நிழல் செய்வது தவறு. காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும்.

போன் கடைசிக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்கு மேல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்குள். வெளியே வெயிலில் திரை தெரியவும் மாட்டாது. வீடியோவை விட வீட்டாரின் படங்களைத் தள்ளித் தள்ளி 'இது ஆர்?' என்று கேட்பது நல்லது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கண்ணைக் கசக்குவதும், காதை இழுப்பதும், கொடுத்ததை எறிவதும் வந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது. இடத்தை இழந்தாலும் வெளியே போய்விடுங்கள். இரண்டு பேராக வந்திருந்தால், பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒருவர் பிள்ளையோடு நிழலுக்குப் போகலாம்.

வாசலுக்கு ஐந்தாறு பேர் இருக்கும்போது எல்லாவற்றையும் பைக்குள் போடுங்கள். தொப்பியைக் கழற்றுங்கள். பெல்ட் போடுவார்கள், சத்தம் கேட்கும், அம்மா பக்கத்தில் இருப்பா என்று அந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். வாயைத் திறக்கச்சொல்லி உள்ளே பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் வைத்துப் பிள்ளை மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் ஊழியரிடம் சொல்லிப் பக்கக் கதவால் வெளியே வந்துவிடலாம்.